ஜீப்பில் இன்னொருவர்

குன்னூர்
12.10.1986

அன்பு மகன் சில்வஸ்டருக்கு,

அம்மாவின் ஆசிகள். இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். மழை விட்டால் முழங்காலும் வழிக்கு வந்துவிடும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் மெஸ் சாம்பாரைப் பற்றிப் படித்த பிறகு இரண்டு நாள் நான் சாம்பாரே வைக்கவில்லை.

நேற்று சனிக்கிழமை, அவலாஞ்சி போயிருந்தேன். பள்ளியின் இயற்கை மன்றத்துக்காக நீலகிரிச் சாலைகளில் காணும் பறவைகள், விலங்குகள் என்று ஒரு பட்டியல் தயாரிக்கிறேன். இருபத்தேழு வருடமாகக் கரும்பலகையில் தவளையின் இதயத்தையே வரைந்துகொண்டிருக்கிறேன். உயிரோடு பறப்பதையும் கொஞ்சம் எழுத வேண்டாமா?

எமரால்டு தாண்டி ஐந்து இடங்களில் நின்று பார்த்தேன். ஓடைப் பாலத்தடியில் சீகாரப் பூங்குருவி. வேலையில்லாதவன் விசிலடிப்பது போல ஒரு ராகத்தைத் தொடங்கும், முடிக்காமலே விட்டுவிடும். சோலையின் ஓரத்தில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு ஈப்பிடிப்பான். கைக்குள் அடங்கும் குருவி, என்னை இன்ஸ்பெக்டர் மாதிரி மேலும் கீழும் பார்த்தது. அணைக்கு மேலே பனி விலகிய ஐந்து நிமிடத்தில் புல்வெளியில் நான்கு கடமான்கள். அதற்குள் மறுபடி மூடிவிட்டது.

ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டேன். திருச்சியில் எதற்கு என்று கேட்காதே. வாங்கிக்கொள்.

அம்மா
ஜெஸிந்தா

&nbsp;

திருச்சி
21.10.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்காமல் மழையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். தயவு செய்து போய்ப் பாருங்கள்.

ஒரு நல்ல செய்தி. கோவையிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். பொன்மலையில் ஒரு குடும்பம். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். பெண் பெயர் பிலோமி, ஆசிரியப் பயிற்சி முடித்திருக்கிறாள். பூசைக்குப் பிறகு ஒரு முறை பார்த்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் சரி என்றால் மேலே பேசுவதாகப் பெரியப்பா சொல்கிறார்.

ஒரு சந்தேகம். அவலாஞ்சி பஸ் நினைத்த இடத்தில் நிற்காதே, நீங்கள் எப்படி ஐந்து இடத்தில் நின்றீர்கள்?

உங்கள் மகன்
சில்வஸ்டர்

&nbsp;

குன்னூர்
10.11.1986

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று கோயிலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினேன். உனக்குப் பிடித்திருந்தால் எனக்கும் பிடித்ததே. பிலோமியின் படம் ஒன்று அனுப்பு. பெரியப்பாவுக்கு என் நன்றியைச் சொல். உன் அப்பா போன பதினோரு வருடத்தில் அவர் செய்ததை நான் மறக்கவில்லை.

பஸ்ஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு ஜீப் கிடைக்கிறது.

முந்தாநாள் மஞ்சூர் வழியாகக் கெத்தை இறக்கம். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கி, பதினெட்டில் ஒரு மலை அணில் குறுக்கே தாவியதில் கணக்கை விட்டுவிட்டோம். பூனை அளவு இருக்கிறது, வால் மட்டும் ராஜா வீட்டுச் சாமரம். பலா மரத்தில் கருமந்திகள் ஏழு. தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டிருந்த குட்டி செம்பட்டை நிறம். மின்வாரியக் குடியிருப்புக்கு மேலே நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ராசாளி ஒன்று பள்ளத்தாக்கில் கல் மாதிரி விழுந்தது. எதைப் பிடித்தது என்று தெரியவில்லை.

டாக்டரைப் பார்த்தேன். நடக்கச் சொன்னார். நடந்துகொண்டுதானே இருக்கிறேன்.

அம்மா
ஜெஸிந்தா

&nbsp;

குன்னூர்
9.12.1986

அன்பு மகனுக்கு,

நலமாக இருக்கிறேன். பிலோமியின் படம் வந்தது. கண்கள் நன்றாக இருக்கின்றன.

சனிக்கிழமை மசினகுடிப் பக்கம் போயிருந்தோம். பாறுக் கழுகுகள் முப்பத்தொன்று. ஒரு யானையும் பார்த்தோம்.

கையில் லேசாகச் சிராய்ப்பு, அதனால்தான் எழுத்து கோணல். கிறிஸ்துமஸுக்கு எந்த பஸ்ஸில் வருகிறாய்?

அம்மா
ஜெஸிந்தா

&nbsp;

திருச்சி
18.12.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம் விசாரிக்கத் தெரியவில்லை. நீங்கள் நலமா என்பதைப் பெரியப்பா அனுப்பிய செய்தித்தாள் துண்டிலிருந்து தெரிந்துகொண்டேன். அப்படியே எழுதுகிறேன்:

"மசினகுடி, டிச. 7: மோயாறு சாலையில் ஜீப்பில் சென்ற இருவரைக் காட்டு யானை விரட்டியது. குன்னூரைச் சேர்ந்த ஆசிரியை ஜெஸிந்தா (53), ஓய்வு பெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர் பாலசுப்பிரமணியம் (58) ஆகியோர் மயிரிழையில் உயிர் தப்பினர். பாலசுப்பிரமணியத்தின் கால் முறிந்தது. இருவரும் பறவை பார்க்க வந்ததாகக் கூறினர்."

'கூறினர்' என்ற சொல்லின் கீழே பெரியப்பா சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்.

"ஒரு யானையும் பார்த்தோம்." இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நவம்பர் மாதக் கடிதத்தில் 'கணக்கை விட்டுவிட்டோம்' என்று வந்தபோது பள்ளிப் பிள்ளைகளோடு போனீர்கள் என்று நினைத்தேன். யார் இவர்? எத்தனை நாளாக? பொன்மலையில் இதே துண்டு யார் கையில் இருக்கிறதோ.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில்வஸ்டர்

&nbsp;

குன்னூர்
26.12.1986

அன்பு மகனுக்கு,

நேற்று இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று பூசையில் வேண்டிக்கொண்டேன்.

செய்தியில் ஒரே ஒரு தவறு. எனக்கு வயது 53 இல்லை, 51.

பாலசுப்பிரமணியம் கொலக்கம்பைப் பக்கம் ஒரு எஸ்டேட் பேக்டரியில் டீ மேக்கராக, தேயிலையின் பதம் பார்ப்பவராக, இருந்தவர். மனைவி போய் ஆறு வருடம். ஜூன் மாதம் சிம்ஸ் பூங்காவில் நான் ஒரு பறவையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சிலிருந்து, "ஏனுங்க டீச்சர், அது பொட்டைங்க. ஆணு அந்தா, மேக்கிளையில இருக்குது பாருங்க" என்று ஒரு குரல். பார்த்தேன். அவர் சொன்னதே சரி. என்னை ஒருவர் திருத்திப் பல வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் போகிறோம். ஜீப் அவருடையது.

யானையைப் பற்றியும் முழுதாகவே சொல்கிறேன். காலை ஒன்பது மணி. செத்த கடமான் ஒன்றின் மேல் கழுகுகள் இறங்கியிருந்தன. நான் நடுச்சாலையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் புதரில் குட்டியோடு யானை நின்றது எனக்குத் தெரியாது. அவர் கத்தவில்லை. "டீச்சர், திரும்பாதீங்க. கழுகைப் பாத்துட்டே பின்னால நடந்து வாங்க" என்றார். நடந்தேன். பாதி தூரத்தில் அது பிளிறிக்கொண்டு வந்துவிட்டது. அவர் ஜீப்பிலிருந்து குதித்து என்னை வாய்க்கால் பாலத்துக்குக் கீழே தள்ளினார். தள்ளிய வேகத்தில் அவரும் விழுந்து, கல்லில் கால் மோதி முறிந்தது. யானை ஜீப்பின் முகத்தை நசுக்கிவிட்டு நின்றது. வனக் காவலர் வேலன் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்த பிறகே குட்டியோடு விலகியது.

அவர் அன்று பயந்து ஓடியிருந்தால் உன் பெரியப்பா என் பெயரைப் பேப்பரில் வேறு பத்தியில் படித்திருப்பார். அதன் கீழே கோடு போட்டிருக்க மாட்டார்.

மறைத்தது தப்பு. பறவையை எழுதினேன், பாதையை எழுதினேன், அவரை மட்டும் விட்டுவிட்டேன். உன் முகம் எப்படி மாறும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்ற எதற்கும் கேட்க மாட்டேன்.

அம்மா
ஜெஸிந்தா

&nbsp;

திருச்சி
11.1.1987

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கை ஆறிவிட்டதா? எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை.

நான் பயந்தபடியே ஆகிவிட்டது. பொன்மலைக்குச் செய்தி போய்விட்டது. பிலோமியின் அப்பா பெரியப்பாவிடம் சொன்னது இதுதான்: "அந்தம்மா ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கட்டும். அந்த ஆளோட பழக்கம் இல்ல, இனிமே இருக்காதுன்னு. நான் வேற எதுவும் கேக்கல."

ஒரே ஒரு வரி அம்மா. உங்களை நம்பவில்லை என்று அர்த்தம் இல்லை. நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? பொய்யாகவாவது எழுதிக் கொடுங்கள். நீங்கள் சனிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று பொன்மலையிலிருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

பதிலை எதிர்பார்க்கும்
சில்வஸ்டர்

&nbsp;

குன்னூர்
18.1.1987

அன்பு மகனுக்கு,

காய்ச்சலுக்குக் கஞ்சி குடி. மெஸ்காரரிடம் கேட்டால் வைத்துத் தருவார், கூச்சப்படாதே.

அந்த வரியை எழுத மாட்டேன். பார்க்காத பறவையைப் பட்டியலில் சேர்த்ததில்லை. பார்த்ததை அடிக்கவும் மாட்டேன்.

இங்கே பள்ளித் தாளாளரும் ஒரு கடிதம் கேட்டார். 'பள்ளியின் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும் வகையில் அந்நிய ஆடவருடன் பயணம் செய்தது' பற்றி ஏழு நாளில் விளக்கம் வேண்டுமாம். கொடுத்துவிட்டேன். நகலை நீயும் படி:

"ஜூலை 12, கோத்தகிரிச் சாலை: நீலகிரிச் சிரிப்பான்கள் எட்டு. ஆகஸ்ட் 23, லவ்டேல்: காட்டுப்புறா இரண்டு, காட்டெருமை ஒன்று. அக்டோபர் 11, அவலாஞ்சி: ஈப்பிடிப்பான் ஒன்று, கடமான் நான்கு. நவம்பர் 8, கெத்தை: மலை அணில் ஒன்று, கருமந்தி ஏழு. டிசம்பர் 6, மோயாறு: பாறுக் கழுகு முப்பத்தொன்று, யானை இரண்டு. ஒவ்வொரு நாளும் உடன் இருந்தவர்: திரு. பாலசுப்பிரமணியம். நான் விளக்க வேண்டியது இவ்வளவே. இதில் எந்த வரி பள்ளிக்கு ஊறு என்று தெரிவித்தால் அதற்குத் தனியாக விளக்கம் தருகிறேன்."

இயற்கை மன்றப் பொறுப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேலையில் கை வைக்க முடியவில்லை.

பிலோமியை இழந்துவிடுவேனோ என்று நீ பயப்படுவது புரிகிறது. உனக்காக நான் எதையும் விட்டுக்கொடுப்பேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது, அதை விட முடியவில்லை. என்னைக் கோபித்துக்கொள். ஆனால் பொய் சொல்லக் கேட்காதே.

ஜீப்பைச் சரிசெய்தாகிவிட்டது. அவர் கால் மாவுக்கட்டில் இருக்கிறது. இங்கே பெட்ஃபோர்டு பகுதியில் மெக்கானிக் செல்லக்கண்ணுவிடம் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன்.

அம்மா
ஜெஸிந்தா

&nbsp;

குன்னூர்
8.3.1987

அன்பு மகனுக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை வேறு சந்தில் திருப்புகிறார். நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ஊட்டியில் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர், வண்டியை ஒரு மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். "இந்த வயசுல எதுக்கும்மா?" என்றார். "அடுத்த வயசுல கண்ணு தெரியாம போயிட்டா?" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நேற்று தேவாலா வரை நானே ஓட்டினேன். அவர் கட்டு பிரித்த காலை நீட்டி முன் இருக்கையில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொண்டார். கூடலூர் தாண்டி ஒரு டீக்கடையில், "சேச்சியாணோ வண்டி ஓட்டியது?" என்று மலையாளக் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டு டீயில் கூடுதலாகச் சர்க்கரை போட்டார். ஆல மரத்தில் சாம்பல் இருவாச்சி ஒரு ஜோடி. பழத்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கின்றன.

திரும்பி வரும்போது நடுவட்டத்தில் வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் அழுதேன். உன் ஞாபகம். அவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போவது போல இறங்கிப் போய் நின்றுகொண்டார்.

அம்மா
ஜெஸிந்தா

&nbsp;

திருச்சி
28.3.1987

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்கள் மலைச்சாலையில் ஜீப் ஓட்டுகிறீர்கள் என்று படித்ததிலிருந்து தூக்கம் மட்டும் இல்லை.

எழுதாததற்கு மன்னியுங்கள். உங்கள் ஜனவரிக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். போன ஞாயிறு பொன்மலைக்குப் போய், அதைப் பிலோமியின் அப்பாவிடம் கொடுத்தேன். பெரியப்பாவிடம் சொல்லவில்லை.

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பிலோமி வாங்கிப் படித்தாள். "எங்க அம்மா இருந்திருந்தா இப்படி ஒரு லெட்டர் எழுதியிருக்க மாட்டாங்கப்பா, அழுதுட்டே நீங்க சொன்னதை எழுதிக் குடுத்திருப்பாங்க" என்றாள். அவர் அதைத் திரும்ப வாங்கி மூன்றாவது முறை படித்தார். கடைசியில், தவக்காலம் முடிந்து ஏப்ரல் 26 ஞாயிறு மாலை நிச்சயம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வரட்டும், அந்த மனிதர் வேண்டாம் என்றார்.

அவர் இவ்வளவு இறங்கி வந்ததே பெரிது. அந்த ஒரு நாள் மட்டும் தனியாக வாருங்கள் அம்மா.

சில்வஸ்டர்

&nbsp;

குன்னூர்
5.4.1987

அன்பு மகனுக்கு,

இங்கே சுகம். நீ தனியாகப் போய் அந்தக் கடிதத்தைக் கொடுத்தாய் என்று படித்தபோது, உன்னைப் பெற்ற நாளைவிடச் சந்தோஷப்பட்டேன். அன்று வலி வேறு இருந்தது.

இருபத்தாறாம் தேதி விடியற்காலை கிளம்புகிறோம். மேட்டுப்பாளையம், அவினாசி, காங்கேயம், கரூர். நான் ஓட்டுகிறேன், அவர் வழி சொல்கிறார். மூன்று மணிக்குப் பொன்மலை வந்துவிடுவோம். உயிரைக் காப்பாற்றியவரைப் பின்வாசலில் நிறுத்திவிட்டு முன்வாசலில் ஆரத்தி வாங்க எனக்குத் தெரியாது.

கதவு திறக்காவிட்டால் வருத்தம் வேண்டாம். காவிரி மணலில் இந்த மாதம் ஆற்று ஆலாப் பறவைகள் முட்டையிடும். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

அம்மா
ஜெஸிந்தா

&nbsp;

குன்னூர்
10.5.1987

அன்பு மகனுக்கு,

ஆசிகள். இங்கே கோடை மழை தொடங்கிவிட்டது. முழங்கால் முன்கூட்டியே சொல்லிவிட்டது. பிலோமி தனியாக எழுதியிருந்தாள். நல்ல கையெழுத்து, நல்ல கேள்விகள். பதில் தனியாகப் போடுகிறேன்.

நீ வாசலுக்கு வருவதற்கு முன் ஜீப்பில் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறாய்.

பந்தலுக்கு முன்னால் நிறுத்தினேன். உன் பெரியப்பா ஓடி வந்தார். "ஜெஸிந்தா, நீ மட்டும் எறங்கு. அவரு வண்டிலயே இருக்கட்டும். சபை கூடியிருக்குது" என்றார். பந்தலில் இருந்த எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

அவர் தன் கைத்தடியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, "போய்ட்டு வாங்க டீச்சர். நான் ஒரு தூக்கம் போடறனுங்க" என்றார்.

"எறங்கினா ரெண்டு பேரும் எறங்கறோம். இல்லைன்னா ரெண்டு பேரும் போறோம்" என்றேன்.

"பையன் நிச்சயமுங்க. பிடிவாதம் வேண்டாமுங்க."

"அவன் என் பையன். அவனுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டேனே தவிர, உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. பெரியப்பா கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. ரிவர்ஸ் கியர் போட்டேன். அப்போதுதான் நீ பந்தலிலிருந்து வந்தாய். பெரியப்பாவின் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், "தோளைப் பிடிச்சுக்கோங்கய்யா, படி உயரமா இருக்கு" என்றாய். அவர் இறங்கும்போது என் பக்கம் திரும்பி மெதுவாக, "கியரை எடுங்க டீச்சர், வண்டி பின்னால போயிரும்" என்றார். அதன் பிறகே கியரை எடுத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

பிலோமியின் அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பாலசுப்பிரமணியத்துக்கு நாற்காலி போடச் சொன்னார், இலையில் தன் கையால் இனிப்பு வைத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது, அது போதும். பெரியப்பா சாப்பிடாமல் போய்விட்டார். நீ கோவைக்கு ஒரு நடை போய்ப் பார்த்து வா. நம்மை வளர்த்துவிட்டவர், கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. நான் பணிய வேண்டும் என்று மட்டும் இல்லை.

கல்யாணப் பத்திரிகையில் பாலசுப்பிரமணியத்தின் பெயரை எந்த உறவு சொல்லிப் போடுவது என்று கேட்டிருக்கிறாய். 'குடும்ப நண்பர்' என்று போட்டுவிடலாம் என்கிறார்களாம். குடும்பம் இன்னும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அதற்குள் அச்சடிக்க வேண்டாம். என் பெயருக்குக் கீழே ஒரு வரி விட்டு, 'திரு. பாலசுப்பிரமணியம், மணமகனின் தாயாருடைய நண்பர்' என்று போடு. இப்படி ஒரு வரி நாங்கள் அடித்ததே இல்லையே என்று அச்சகத்தில் சொல்வார்கள். அச்செழுத்துகள் எல்லாம் அவர்களிடம் இருக்கும். கோத்துத் தரச் சொல்.

அம்மா
ஜெஸிந்தா